தலைவரின் கல் வெளுத்த கதை

பெசகெய்ரோ என்ற சுரங்க ஊரில் இடலீனா சம்போனியிடம் வாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்கள் குறைவு. ஒன்பது வயதில் தேவாலயத்தின் பாவமன்னிப்புக் கூண்டுக்குள் ஒரு கோழியைப் பிடித்து விட்டவள் அவள். அந்தக் காலத்துப் பாதிரியாருக்குக் காது மந்தம். கொக்கரிப்பைக் கேட்டு, “இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லு மகளே” என்று மூன்று முறை சொன்னாராம். அடியும் வாங்கினாள். ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அடியைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டாள்.

வளர்ந்து நெல்வோவைக் கட்டிக்கொண்டாள். நெல்வோ சுரங்கத்தில் துளை போடுகிறவன், நாளொன்றுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவன். இவள் சுரங்கத்திலிருந்து வரும் செவ்வந்திக் கற்களின் முதுகுக்குச் சிமெண்ட் பூசிப் பச்சை வர்ணம் அடிக்கும் வேலைக்குப் போனாள். பொந்துபோலக் குடைந்த கல், உள்ளே முழுக்க ஊதாப் பற்கள். முதுகில் சிமெண்ட் பூசாவிட்டால் நிற்காது, உடைந்தும் போகும். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். முப்பது வருஷமாகக் கல்லின் பின்பக்கத்தைப் பார்த்தவள் இடலீனா ஒருத்திதான். வெளியே பச்சைத் தோல், அடுத்து சாம்பல் வரி, பிறகு வெள்ளைப் படிகம், நுனிக்கு வர வர ஊதா. எந்தக் கல்லானாலும் அந்த வரிசை மாறாது என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஏன் அப்படி என்பதை, போர்த்தோ அலெக்ரே நகரத்திலிருந்து பாறை ஆராய்ச்சிக்கு வந்து அவள் வீட்டில் ஒரு மாதம் தங்கிய பெண்ணிடம் கறந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இவள் கிண்டிப்போட்ட போலென்டா என்ற மக்காச்சோளக் களி பிடித்திருந்தது. கேள்விக்குப் பதில் வராத நாளில் இரண்டாவது கரண்டி விழாது.

ஊர்த் தேவாலயத்தின் பீடச் சுவரைச் செவ்வந்திக் கல்லால் பதிப்பது, வீட்டுக்கு ஒரு கல் என்று கமிட்டி முடிவு செய்தது. பதிக்கும் வேலை இடலீனாவுக்கு. கமிட்டித் தலைவர் ஒலிம்பியோ பொர்த்தொலுஸ்ஸி. சொந்தச் சுரங்கம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். பத்து வயதுப் பிள்ளை உயரத்துக்கு ஒரு கல்லை நான்கு பேரை விட்டுத் தூக்கிவரச் செய்தார். அதன் முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியைத் தட்டையாக அறுத்து, மெருகேற்றி, குடும்பப் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை அதன்மேல் பதித்திருந்தார். மை கொட்டியதுபோல அப்படி ஓர் ஊதா.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது ஒரு தத்துவமும் சொன்னார்.

“கல்லோட நிறம் கொடுக்குறவன் மனசைப் பொறுத்தது. மனசு ஆழமா இருந்தா கல்லும் ஆழமா இருக்கும்.” பிறகு நெல்வோ கொண்டுவந்த சின்னக் கல்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அது வெளிர் ஊதா. “என்ன நெல்வோ, மனசு கொஞ்சம் வெளுத்திருக்கே?”

ஊரே சிரித்தது. நெல்வோவும் சிரித்துவைத்தான். இடலீனா சிரிக்கவில்லை.

“தலைவரே, இந்த மலை ஒரு காலத்துல கொதிச்சு ஓடின நெருப்புக் கொழம்பு. அதுல மாட்டிக்கிட்ட காத்துக் குமிழிதான் இந்தப் பொந்து. ஆறினப்புறம் பாறையைக் கரைச்சுக்கிட்டுத் தண்ணி உள்ள கசிஞ்சுது. மணல்ல இருக்கிற அதே சரக்கு, சுருள் படிக்கட்டு மாதிரி சுத்திச் சுத்தி அடுக்கிக்கிட்டு ஆறு பட்டையா வளர்ந்துச்சு. கூடவே ஒரு சிட்டிகை இரும்பு. பாறையிலேர்ந்து வர்ற, கண்ணுக்குத் தெரியாத கதிர் அது மேல கோடிக்கணக்கான வருஷம் பட்டு ஊதாவாச்சு. இதுல உங்க மனசு எந்த வழியா உள்ள போச்சு?”

“நீ சிமெண்ட் பூசுற வேலையைப் பாரும்மா. என் கல்லை வடக்கு ஜன்னலுக்கு நேரா வை. நல்லா வெயில் விழணும், ஜொலிக்கணும்.”

“வெயில் வேண்டாம் தலைவரே. இந்த மலைக் கல்லு வெயில்ல வெளுக்கும்.”

“நெருப்புலேயே பொறந்த கல்லுன்னு இப்பதானே சொன்ன? அதுக்கு வெயில் என்ன பண்ணும்?”

இடலீனா அந்த ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள். “சரி தலைவரே” என்றாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நெல்வோ கரண்டியைக் கீழே வைத்தான். “நீ ‘சரி’ன்னு சொன்ன. எனக்குப் பயமா இருக்கு.” அந்த நாளுக்கான பேச்சை அவன் அதோடு முடித்துக்கொண்டான்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் பக்கம் வெயில் வடக்கிலிருந்து வரும். காலை ஒன்பது மணியிலிருந்து மாலைவரை வடக்கு ஜன்னலை விட்டு நகராது. அதில் கனமான பூப்போட்ட திரை ஒன்று தொங்கியது. ஒருநாள் துவைத்துத் தருகிறேன் என்று இடலீனா அதைக் கழற்றிக்கொண்டு போனாள். துவைத்தாள், காயவைத்தாள். கொண்டுவந்து மாட்டத்தான் மறந்துபோனாள். நெல்வோவின் கல்லைச் சுவரின் கோடியில், பாவமன்னிப்புக் கூண்டுக்குப் பக்கத்தில், பட்டப்பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும் மூலையில் பதித்தாள்.

ஏழு வருஷம் போனது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தலைவரின் அக்காள் மகள் கல்யாணத்துக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. கல் பதித்த வருஷத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தை யாரோ கொண்டுவந்து பீடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படத்தில் மை நிறம். சுவரில், தண்ணீர் ஊற்றி ஊற்றி நீர்த்துப்போன திராட்சை ரசம். மூலையில் இருந்த நெல்வோவின் கல் அதைவிட அழுத்தமாக இருந்தது.

தலைவரின் தத்துவத்தை ஊர் மறந்திருக்கவில்லை. அப்படியும் மறந்தவர்களுக்கு இடலீனா ஞாபகப்படுத்தினாள். திருவிழா அன்று இறைச்சி சுடுகிற இடத்தில் அவர் தட்டை நீட்டியபோது, “தலைவருக்கு எலும்பில்லாம போடுங்கப்பா, மனசு வேற வெளுத்துக்கிட்டே வருது” என்று ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று திரும்பிப் பார்த்தால் இருபது பேர் மும்முரமாக மென்றுகொண்டிருந்தார்கள்.

ஒலிம்பியோவுக்குத் தாங்கவில்லை. யாரோ தன் கல்லைக் கழற்றிவிட்டு மட்டமான கல்லைப் பதித்துவிட்டார்கள் என்று பாதிரியார் அன்செல்மோவிடம் புகார் செய்தார். மறுநாளே தேவாலயத்தில் கூட்டம்.

“சிமெண்ட்ல பதிச்ச கல்லு. உடையாம கழட்டத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல ஒருத்திதான்” என்று ஒலிம்பியோ கை நீட்டினார்.

வேலைக் கொட்டகையிலிருந்து அப்படியே வந்திருந்த இடலீனா எழுந்தாள். இதுவரை விளையாட்டாக இருந்தது. திருடி என்றதும் அவள் முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். கல்லின் முன் மண்டியிட்டு, பித்தளைத் தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றித் தகட்டை எடுத்தாள்.

அடியில், தகடு இருந்த இடத்தில் மட்டும், நீள்சதுரமாக மை நிற ஊதா. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தது. சுற்றிலும் வெளுப்பு.

“அதே கல்லுதான் தலைவரே. வெயில் படாத இடம் அப்படியே இருக்கு. உங்க பேருக்குக் கீழ மட்டும் மனசு பத்திரமா இருக்கு!”

கூட்டம் பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. பாதிரியார் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒலிம்பியோ அந்த ஊதாக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். இடலீனா வெற்றிக் களிப்பில் இடுப்பில் கை வைத்துச் சபையைப் பார்த்துத் திரும்பினாள். தப்பு அங்கேதான் நடந்தது.

“இடலீனா, நீ கட்டியிருக்கிற ஏப்ரன் துணியை நான் எங்கயோ பார்த்திருக்கேனே” என்றார் அன்செல்மோ.

எல்லார் கண்ணும் அவள் இடுப்புக்குப் போய், அங்கிருந்து வெறும் ஜன்னலுக்குப் போய், திரும்பி அவள் இடுப்புக்கே வந்தன. துவைக்கப் போன திரையின் அதே பூ, அதே கொடி.

“கல்லு மட்டும் என்ன, இந்தத் துணியும் வெளுத்துத்தான் இருந்துச்சு சாமி” என்று இழுத்தாள். முதன்முறையாக அவள் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. நெல்வோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான்.

பாதிரியார் தீர்ப்புச் சொன்னார்: திரையைத் திருடியவளும் பெருமை பேசியவரும் சேர்ந்து அந்தக் கல்லை மறுபடி பார்க்க லட்சணமாக ஆக்க வேண்டும்.

போன ஊதாவை வீட்டில் வைத்துத் திரும்ப வரவழைக்க முடியாது. ஆனால் சூளையில் மெதுவாகச் சுட்டால் உள்ளே இருக்கும் இரும்பு மஞ்சளாக மாறும்; அந்த மஞ்சள் வெயிலுக்கு அசையாது. இடலீனா கல்லைக் கழற்றி மணலில் புதைத்துச் சூளையில் ஏற்றினாள். சூடு ஏற ஒரு நாள், ஆற இரண்டு நாள். அவசரப்பட்டால் வெடித்துவிடும் என்பதால் பகல் முழுக்க இருவரும் சூளை வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்து ஒரே குடுவையில் ஒரே குழாய் போட்டு மாத்தே என்ற இலைத் தேநீரை உறிஞ்சினார்கள்.

இரண்டாம் நாள் ஒலிம்பியோ குடுவையை நீட்டியபடி கேட்டார்: “ஊர்ல நெசமாவே என் மனசைப் பத்திச் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க தலைவரே. நான்தான் ஆரம்பிச்சு வச்சேன்.”

“தெரியும்.” பெட்டியை அவள் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அன்னைக்கு உன் வீட்டுக்காரனை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் போட்ட துளையிலதான் என் கல்லே கெடைச்சுது.”

இடலீனாவுக்கு அது தெரியாது. நெல்வோ சொன்னதே இல்லை. அவள் குடுவையில் வெந்நீரை ஊற்றி, முதல் வாயை அவருக்கே கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மணலை விலக்கியபோது கல் பனங்கற்கண்டு நிறத்தில் வந்தது. ஒரு மூலை மட்டும் விரிசல். அது, ஆறுமுன் கல்லைப் பிடிக்கப்போன தலைவரின் அவசரத்தால் என்று அவளும், அவள் ஊதிப்பார்த்ததால் என்று அவரும் இன்றுவரை சொல்கிறார்கள்.

அந்த வருஷக் கடைசியில் கமிட்டித் தேர்தல். ஒலிம்பியோவை எதிர்த்து இடலீனா நின்றாள். ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தாள். அந்த ஓட்டைப் போட்டது தான்தான் என்று ஒலிம்பியோ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது நெல்வோவின் ஓட்டாகத்தான் இருக்கும் என்று யாரும் நம்பவில்லை. இடலீனா நம்பினாள். ஏனென்றால் அன்றைக்கு நெல்வோ தேர்தலை மறந்துவிட்டு ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தான்.