தாருக்கடியில் ஒரு மூடி

அப்பாவை நகராட்சியில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'மூடி சார்' என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்தது முதல் ஓய்வு பெறும் வரை பாதாளச் சாக்கடைப் பிரிவில் பொறியாளர். ஆனால் அவருடைய சண்டையெல்லாம் சாலைப் பிரிவோடுதான். அவர்கள் தார் போடும்போது சாக்கடைக் குழிகளின் கான்கிரீட் மூடிகளையும் சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். பிறகு அடைப்பு எடுக்கப் போனால் குழி எங்கே என்றே தெரியாது. முதலில் மூடியை உயர்த்திக் கட்டுங்கள், அப்புறம் தார் ஊற்றுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துவார். யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். அதனால் வெள்ளை பெயிண்ட் டப்பாவோடு முன்னதாகவே போய், ஒவ்வொரு மூடிக்கும் நேரெதிர்ச் சுவரில் ஓர் அம்புக்குறி போட்டுவைப்பார். வீட்டுக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அப்படியும் தொலைந்துபோன மூடிகளைக் கடப்பாரையால் சாலையைத் தட்டித் தேடுவார். ஒரு தட்டு, கொஞ்சம் காது கொடுத்தல், "இல்ல." இன்னொரு தட்டு, "இல்ல." குழிக்கு மேலே வந்துவிட்டால் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். கடப்பாரையை அங்கேயே ஊன்றிக்கொண்டு சும்மா நிற்பார்.

"கல்யாணத்தன்னைக்கு இந்த மனுஷன் தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்தார். வெக்கப்படுறார்னு நினைச்சு ஏமாந்துட்டேன்" என்பாள் அம்மா. "ரோட்டைப் பார்த்துக்கிட்டு வந்திருக்கார்!"

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அவரிடம் மிஞ்சியது அந்த "இல்ல" மட்டுந்தான். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

அந்த நிலையில்தான் நகராட்சிக்கு அவருடைய நீண்ட சேவை நினைவுக்கு வந்தது. அவரால் மேடைக்கு வர முடியாது என்பதால் தலைவரே வீடு தேடி வந்து கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. தலைவர் வரும் தெரு குண்டும் குழியுமாக இருக்கலாமா? முந்தின நாளே ரோலர் வந்துவிட்டது. எங்கள் சுற்றுச்சுவருக்கும் புது வண்ணம் அடித்தார்கள். அதில் அப்பா போட்டிருந்த அம்புக்குறி, இருந்த இடமே தெரியாமல் போயிற்று.

எங்கள் வீட்டெதிரே தெருக்கள் கூடும் இடம் அகலமானது. அந்தத் தெருக்களின் கழிவெல்லாம் வந்து சேரும் குழி அங்கேதான் எங்கோ இருந்தது. அது அடைத்துக்கொண்டால் முதலில் மூழ்குவது எதிர்ப்பள்ளத்தில் இருக்கும் தையல்காரக்காவின் வீடு.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அப்பா இடது கையால் கம்பியை அறைந்தார். "இல்ல! இல்ல!"

"சத்தம் தாங்கலை போல, பாவம்" என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள். நான் தண்ணீர் கொடுத்தேன், தலையணையை மாற்றினேன். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் மருந்துக் கரண்டியை எடுத்துக் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காது கொடுத்தார். மறுபடி தட்டினார். எனக்குப் புரிந்தபோது வெளியே தார் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

இப்போதைய பொறியாளர் அப்பாவிடம் வேலை பழகியவர். தெருவில் நின்றிருந்த அவரிடம் ஓடிப்போய், குழியின் மூடி தாருக்கடியில் போய்விட்டதைச் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "காண்ட்ராக்டர் கேக்கலை. இப்ப வெட்டினா நாளைக்குத் தலைவர் குழியிலதான் வந்து இறங்குவார். நான் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். விழா முடியட்டும், நானே வந்து எடுத்துத் தர்றேன்."

"அம்புக்குறியும் போச்சே சார்."

"ஐயோ" என்று சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

காண்ட்ராக்டர் சிரித்தார். "என்னக்கா, உங்கப்பாவுக்காகத்தானே இவ்ளோ ஜோரா போட்டிருக்கோம். அதுலயும் குறையா?"

மறுநாள் எங்கள் கூடத்தில் நின்று தலைவர் பேசினார். "இந்த ஊரில் ஒரு மூடியைக்கூடத் தொலையவிடாமல் காத்தவர் இவர்!"

"இல்ல" என்றார் அப்பா. "இல்ல... இல்ல..."

"பார்த்தீங்களா, இந்த நிலையிலும் என்ன ஒரு தன்னடக்கம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா என்னையே பார்த்தார். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

புதுச் சாலையை வெட்ட மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டு நடையாய் நடந்தேன். பொறியாளர் முதலில் சமாதானம் சொன்னார், அப்புறம் போனை எடுப்பதை நிறுத்தினார். மழை யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. தையல்காரக்கா மிஷினின் தலையை மட்டும் கழற்றி, குழந்தையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சேலை முழங்கால் வரை சாக்கடை.

"இது மட்டும் இங்க இருக்கட்டும் தங்கச்சி. அப்பாகிட்ட சொல்லிடாத, வருத்தப்படுவார்."

அப்பா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

துப்புரவுப் பிரிவு ஆட்கள் வந்து கடப்பாரையால் தட்டிப் பார்த்தார்கள். நான் ஜன்னலைத் திறந்துவைத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் அப்பா "இல்ல" என்றார். நான் வெளியே பார்த்து, "இல்லையாம்!" என்று கத்தினேன்.

"யாரு சொல்றது அக்கா?"

"மூடி சார்!"

"அப்ப தள்ளிப் போடா, அவர் சொன்னா சரிதான்" என்றார் அவர்களில் வயதானவர்.

தட்டு. "இல்ல." தட்டு. "இல்ல." அடுத்த தட்டுக்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் மழையில் இறங்கி ஓடினேன். "அங்கதான்! அங்கதான் நிறுத்துங்க!"

பெரியவர் கடப்பாரையை ஊன்றினார். குடைக்குள் நின்றிருந்த மேற்பார்வையாளர் கையை நீட்டித் தடுத்தார். "தேடத்தான் சொல்லியிருக்காங்க. மூடி வெளிய தெரிஞ்சா திறக்கலாம். ரோட்டை வெட்டக் கூடாது."

"ரோட்டை வெட்டாம மூடி எப்படி சார் தெரியும்?"

"அது எனக்கும் தெரியும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

அப்பாவிடம் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று உள்ளே வந்தேன். கண்கள் ஜன்னல் பக்கமே இருந்தன. கரண்டி தரையில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன்.

குழி அங்கே இருந்ததால் பேசாமல் இருந்தாரா, அந்தத் தட்டுக்கு முன்பே உயிர் போய்விட்டதா, எனக்குத் தெரியாது. வெட்டிப் பார்த்தால் தெரியும். வெட்ட அனுமதி இன்னும் வரவில்லை. தையல்காரக்காவின் மிஷின் எங்கள் கூடத்தில் கேடயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவர் கடப்பாரை ஊன்றிய இடத்துக்கு நேரெதிரே, புது வண்ணச் சுவரில் அப்பாவின் பெயிண்ட் மிச்சத்தால் ஓர் அம்புக்குறி போட்டுவைத்திருக்கிறேன். சரியா தப்பா என்று சொல்லத்தான் ஆளில்லை.