மீதி டீச்சர்

கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மற்ற பக்கங்களைப் பிள்ளைகளிடம் நீட்டுகிறார். "மீதி நாளைக்கு. இன்னிக்குப் படிச்ச சொல்லெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கோ, அவங்கதான் முடிவைப் படிக்கலாம்." எங்கள் பள்ளியில் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற ஒன்பது பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுப்பவர் இவர். பிள்ளைகள் வைத்த பெயர் மீதி டீச்சர். அது தனக்குத் தெரியாதது போல நடிப்பார். நடிப்பு சுமார்தான்.

பாடப்புத்தகத்தைத் தொடுவதில்லை. பனி நாட்டுக் கரடி, பாலைவனத்து ஒட்டகம், ஏதோ ஒரு தீவின் ஆமை என்று ஊர் உலகத்து நாட்டுக்கதைகளையெல்லாம் தேடிப் பிடித்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகத் தமிழில் எழுதி வருவார். கதைக்கு மூன்று புதுச்சொல், அதற்கு மேல் கிடையாது. ஒட்டகக் கதையில் 'அகம்பாவம்' கற்றுக்கொண்ட ஒரு சிறுமி, வீட்டுக்குப் போய்த் தன் மாமாவை "அகம்பாவம் பிடிச்ச மாமா" என்றுவிட, அவர் பள்ளிக்கே வந்து குதித்தார். "சொல்லைச் சரியான இடத்துலதான் போட்டிருக்கா," என்றார் டீச்சர். பக்கத்து மேசையில் கணக்கு நோட்டு திருத்திக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மட்டும் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டோம். மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவோடு வேறு நாட்டுக்குப் போய்விட்ட மகள் அழைக்கும் நேரம் அது. பத்து வயது. அவளுக்கும் வாரம் ஒரு கதை போகும், கடைசிப் பக்கம் இல்லாமல். முடிவு வேண்டுமென்றால் அவள் அழைத்தாக வேண்டும். முந்தைய பக்கங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டவும் வேண்டும். அவளுக்குத் தமிழ் மறந்துகொண்டே வருகிறது. நாலு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடும். "இவ சீக்கிரமாப் படிக்கக் கத்துக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறேன். ஒரு டீச்சர் வேண்டிக்கிற வேண்டுதலா இது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

சென்ற வாரம், மகள் இருக்கும் நாட்டின் கதையையே தேடி எழுதி அனுப்பினார். "அவ ஊர்க் கதைன்னா ஆசையாப் படிப்பா, பாருங்க," என்று எல்லோரிடமும் சொன்னார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே கைபேசியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அது ஒலித்தது. ஸ்பீக்கரில் மகளின் குரல். "அம்மா, இந்தக் கதை எனக்குத் தெரியும். இங்க ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. முடிவும் தெரியும்."

ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்படியா? அப்ப நீயே சொல்லு கண்ணு, நான் கேக்கறேன்."

"தமிழ்ல சொல்ல வராதும்மா."

"உனக்கு எதுல வருதோ அதுல சொல்லு."

மகள் அந்த நாட்டு மொழியில் ஆரம்பித்தாள். தடங்கலே இல்லை, கடகடவென்று போனது. டீச்சருக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கைபேசியை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டு, மகள் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் "ம்... ம்..." என்று உம் கொட்டிக்கொண்டிருந்தார்.