முழங்கை மடிப்பில் ஒரு வட்டம்

செய்தி வந்தபோது நான் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்திருந்தது. போனில் மீன்காரத் தனம், "பார்லர்க்கா, நம்ம மெடிக்கல் அக்கா பூட்டாங்க. நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்று அழுதாள். நாற்காலியில் இருந்த பெண்ணே எழுந்து, "இன்னொண்ணு நாளைக்குப் பாத்துக்கலாம், நீங்க போங்க" என்றாள். புதுப்பட்டினத்தில் புவனா அக்காவின் மருந்துக்கடைப் படி ஏறாதவர் யார்?

தங்கமானவர் என்று ஊரே பேசுகிறது. பேசட்டும். எனக்கும் அவருக்கும் ஆரம்பமே சண்டைதான்.

சில வருடங்களுக்கு முன் தனத்தின் கன்னங்களில் கருத்த வயசுப் புள்ளிகள் வந்தன. நாள் முழுக்க வெயிலில் மீன் விற்கிற முகம். ஒரு ஏஜென்ட் கொண்டுவந்த, பெயரோ விவரமோ இல்லாத வெள்ளை டப்பா கிரீமை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் முகம் பளபளத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சில மாதம் கழித்து ஒரு வாரம் பூசாமல் விட்டாள். முகம் சிவந்து வீங்கியது, புள்ளிகள் முன்பைவிடக் கருத்துத் திரும்பின.

அந்த டப்பாவோடு அக்கா என் பார்லருக்குள் நுழைந்தார்.

"இதுல இன்னா கீது?"

"தெரியாது."

"தெரியாததயா ஊரு மூஞ்சில பூசினுகீற?"

"உங்க வியாபாரம் படுத்துடுச்சின்னு வயிறெரியுதா?" என்றேன்.

அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "சரி, என் மூஞ்சில பூசு" என்றார். என் கை எழவில்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவரை வெறுத்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

தனத்தைச் செங்கல்பட்டுத் தோல் டாக்டரிடம் அவரே அழைத்துப்போனார். வெட்கத்தோடு நானும் போனேன். ஸ்டீராய்டு கலந்திருக்கும், இந்த மாதிரி டப்பாக்களில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தையே கெடுக்கும் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் அக்கா ஓயவில்லை. என்ன கலந்திருக்கிறது என்று அச்சடிக்காத டப்பா குப்பைக்கு. புள்ளியை வெளுக்கவைக்கிற ஹைட்ரோகுவினோன் டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன நாள் வரைக்கும். நியாசினமைடு, அசெலாயிக் ஆசிட், வைட்டமின் சி கலந்த கிரீமெல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும். வளர்கிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற புள்ளியை டாக்டரிடம் காட்டாமல் எதையும் தடவக்கூடாது.

கல்யாணப் பெண்களின் அம்மாக்களுக்கு அவர் சொன்ன பதில், இதைப் படிக்கிற ஊர்க்காரர்களான உங்களுக்கும் நினைவிருக்கும். "வெள்ளையாவணுமா, புள்ளி போவணுமா? ரெண்டும் வேற. மொத விஷயத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல, வெக்கவும் மாட்டேன்."

புதுக் கிரீம் எதுவானாலும் முழங்கை மடிப்பில் பேனாவால் வட்டம் போட்டு, உள்ளே துளி தடவி, "அரிப்போ செவப்போ வருதான்னு ரெண்டு நாள் கழிச்சிக் காட்டு" என்பார். மீன் மார்க்கெட்டில் பாதிப் பேர் கையில் வட்டம். "இன்னாடி, மெடிக்கல்ல முத்திரை குத்திட்டாங்களா?" என்று கேலி நடக்கும்.

தனத்துக்கு மட்டும் டாக்டர் எழுதிக்கொடுத்த கிரீமை மாதக்கணக்கில் பூசியும் பலன் தெரியவில்லை. ஒரு நாள் அக்கா அவள் கூடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கவனித்தார். மீனுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் தனம் ஈர முந்தானையால் முகத்தையும் துடைத்துக்கொண்டிருந்தாள். "பூசறதும் நீ, தொடைக்கறதும் நீ. அப்பறம் என் மருந்தத் திட்டு" என்று அங்கேயே ஒரு பாட்டு விட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சன்ஸ்கிரீன், தலைக்கு மேல் பெரிய குடை என்று ஆனது. ஒரு வருடத்தில் புள்ளிகள் மங்கின, முழுக்கப் போகவில்லை. அக்கா பாராட்டவெல்லாம் இல்லை. "குடைய மடக்கினா திரும்ப வரும்" என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் அதே ஏஜென்ட் என் பார்லருக்கு வந்தான். எத்தனை நாள் காத்திருந்தானோ. "அதான் அந்தம்மா போயிட்டாங்களே மேடம், இனிமே யார் கேக்கப் போறா?" என்றான்.

"நான் கேப்பேன்" என்றேன். "உள்ள இன்னா கீதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. மீன் மார்க்கெட்ல ஒட்டறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு போனான். வேறு பார்லருக்குப் போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் போய்க் கேட்பேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் போட்ட சண்டையைத்தான். அவரிடம் திட்டு வாங்காதவர் இந்த ஊரில் இல்லை. உங்கள் பங்குத் திட்டும் உங்களிடம் இருக்கும், அழுது முடித்ததும் அதை வெளியே எடுங்கள். என் பார்லர் காலை பத்து மணிக்குத் திறக்கும். டப்பாவோடு வருகிறவன் வரட்டும்.