கிள்ளான் கொட்டகையில் ராணியும் சுருட்டும்

1. முதல் நாள் இருமல்

கிள்ளானில் நாடகக் கொட்டகை வேலைக்கு நான் சேர்ந்த அன்றே ராஜபார்ட் மேடையில் இருமினார். மேல் ஸ்தாயிக்கு ஏற வாயைத் திறந்தார். முன்வரிசைச் சுருட்டுப் புகை முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. பபூன் ஓடிவந்து அவர் முதுகைத் தட்டினான். தரை டிக்கெட்டுக்காரர்கள் இருமலுக்கு "ஒன்ஸ் மோர்!" கேட்டார்கள்.

அதற்கு முன் நான் ரவாங்கில் ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குச் சல்லி உடைத்தேன். இரண்டிலும் மிச்சமானது முதுகுவலி. மூன்றாம் வகுப்போடு ஓடிவந்தவனுக்கு, கேட்டில் டிக்கெட் கிழிப்பது பெரிய உத்தியோகம். உட்கார ஸ்டூல் உண்டு.

ஆட்டம் முடிந்ததும் ராஜபார்ட் கிரீடத்தைக் கழற்றிக் கொட்டகையை நடத்தும் கன்டிராக்டர் மரைக்காயர் முன்னால் வைத்தார்.

"இன்னும் மூணு ஆட்டம் பாப்பேன். புகை நிக்கலேன்னா சுவெட்டன்ஹாம் துறைமுகத்துல ஊருக்குக் கப்பலேறிடுவேன். எனக்கு இருக்கறது ஒரு தொண்டைதான்."

அவர் போனால் கொட்டகை மூடும். நான் மறுபடி சல்லி உடைக்க வேண்டும். மரைக்காயர் என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கேட்டுல நிக்கிறவன் நீதானே? புகையை நிறுத்து. ஆனா நாற்காலிக்காரங்க ஒருத்தர் மனசும் நோகக் கூடாது."

2. வாளியும் பெஞ்சும்

நாற்காலி வகுப்பில் உட்காருவது ரப்பர் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிமார்கள். வாயில் சுருட்டு இல்லாவிட்டால் தங்களை யாரும் கிராணி என்று நம்பமாட்டார்கள் என்பது அவர்கள் பயம். மறுநாள் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு பெரிய கிராணி முன்னால் நின்றேன்.

"அணைச்சிடுங்கய்யா."

"நான் நாற்காலிக்கு டிக்கெட் வாங்கினவன்லா. வாய்க்குத் தனி டிக்கெட்டா?"

பின்னால் தரையிலிருந்து ஒருவன் கத்தினான். "அண்ணே, நாங்க பாட்டு கேக்க வந்தமா, ரப்பர் ஷீட்டாட்டம் புகையில காய வந்தமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அக்கா இன்னும் சத்தமாகச் சொன்னாள். "என் சேலை பூரா கிராணி வாசம் அடிக்குது. வீட்டுல நான் என்னன்னு சொல்றது?"

கொட்டகையே சிரித்தது. பெரிய கிராணி முதல் சுருட்டின் நெருப்பில் இரண்டாவதைப் பற்றவைத்தார்.

அடுத்த ஆட்டத்துக்கு மேடையின் பின்புறக் கித்தானைத் தூக்கிக் கட்டி, வெளியே ஒரு பெஞ்சும் வாளியும் போட்டேன். சுருட்டுக்கு அங்கே போகலாம் என்றேன்.

"ஏன், ஆடு கட்டுற எடமா அது?" என்றார் பெரிய கிராணி.

பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. ராஜபார்ட் இருமிக்கொண்டே நாட்டை ஆண்டார்.

3. செத்த ராணி

கடைசி ஆட்டம். பெரிய கிராணி ஒன்றுக்குப் போக எழுந்து பின்பக்கம் போனார். திரும்பி வந்து பக்கத்து நாற்காலிக்காரர் காதில் ஏதோ சொன்னார். இருவரும் எழுந்து போனார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் நாற்காலி வகுப்பே காலி. புகை கலைந்தது. என் சட்டம் ஜெயித்துவிட்டது என்று ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மேடையில் ராஜா, ஆற்றில் விழுந்து செத்த ராணியை நினைத்து அழுது பாடும் கட்டம். மேல் ஸ்தாயிக்கு ஏறினார். இருமல் இல்லை. குரல் கூரைக் கித்தானைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதுவரை கிள்ளான் கேட்காத பாட்டு அது.

அப்போது மேடைக்குப் பின்னாலிருந்து ராணியின் சிரிப்புக் கேட்டது. தொடர்ந்து ஒரு செருமல்.

"ராஜாவே, அழாதீங்க!" என்றான் தரையில் இருந்தவன். "ராணி சாகலே. பின்னால பீடி புடிக்கிறா!"

ராஜபார்ட் கத்தியோடு பின்பக்கம் பாய்ந்தார். நானும் ஓடினேன். அந்தக் காலத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டினார்கள். எங்கள் ராணி சண்முகம், முழு அலங்காரத்தில், ஒரு காலைப் பெஞ்சில் தூக்கி வைத்துக்கொண்டு புதுப் பீடியை உதட்டில் வைத்திருந்தான். சுற்றிலும் கிராணிமார்கள். பெரிய கிராணி இரண்டு கையாலும் தீக்குச்சியைப் பொத்திப் பிடித்து, "மகாராணி, நெருப்பு" என்று குனிந்து நின்றார்.

"ஏன்டா, நான் அங்கே உனக்காக அழறேன்!" என்றார் ராஜபார்ட்.

"நான்தான் செத்துட்டேனே அண்ணே. அடுத்த வேலை எனக்குக் கடைசி சீன்லதானே?"

ராஜபார்ட் கத்தியைத் தாழ்த்தினார். "மூணு நாளா புகையில பாடினேன், தொண்டை போச்சு. இன்னைக்கு நல்ல காத்துல பாடுறேன், நாற்காலியில ஒருத்தன் இல்ல. இதுக்குப் புகையே தேவலாம் போலிருக்கே."

எங்கள் பின்னாலேயே ஓடிவந்த மரைக்காயர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். "ராஜா பாடுறப்ப ராணி உள்ளே நிக்கணும். பபூன் மேடைக்கு வந்ததும் வெளியே போகலாம். கிராணிமாரே, உங்களுக்கும் சொல்றேன். உள்ளே ஒருத்தர் பத்த வெச்சாலும் அன்னைக்கு ராணி வெளியே வரமாட்டா."

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. புதிதாக வந்த ஒருவர் வாயிலிருந்த சுருட்டைப் பெரிய கிராணியே பிடுங்கி வாளியில் போட்டார். சேலைக்கார அக்கா தன் அக்காள் தங்கைகளையும் கூட்டிவந்தாள். கப்பல் ராஜபார்ட் இல்லாமலே போனது.

பபூன் மட்டும் மரைக்காயரிடம் வந்து நின்றான். பாவம், அவன் பீடிகூடத் தொடாதவன்.

"முதலாளி, புடிக்கிறவருக்கும் நியாயம் கெடைச்சுது, புடிக்காதவருக்கும் கெடைச்சுது. நான் வந்தா நாற்காலி பூரா எழுந்து போவுது. எனக்கு என்ன கெடைச்சுது?"

"ஒனக்குத்தான் நல்ல காத்து வருதே" என்றார் மரைக்காயர்.

பின்னால் பஸ்ஸிலும் சினிமாக் கொட்டகையிலும் டிக்கெட் கிழித்திருக்கிறேன். புகைக்கிறவனையும் இருமுகிறவனையும் சமாதானம் செய்துவிட்டோம் என்று எந்த முதலாளியாவது நெஞ்சை நிமிர்த்தினால் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருப்பவன் யார் என்றுதான் தேடுவேன். ஒருவன் இருக்கத்தான் செய்வான்.