ரத்தினம்மாளின் எட்டு சீட்டு வேன்

புருஷன் செத்ததும் அவன் ஓட்டின வேனை வித்துடச் சொல்லி கீரப்பாளையமே ரத்தினம்மாளுக்குப் புத்தி சொன்னது. அவள் லைசென்ஸ் எடுத்துவிட்டு வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷமாகக் கடலூர் பக்கத்துக் குடிகாட்டு கம்பெனிக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போய், பிரசவ வலி வந்தவளைக் கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்த எட்டு சீட்டு வேனை வைத்தே மகள் சத்யப்பிரியாவை எம்.எஸ்ஸி. முடிக்க வைத்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. பெண்ணழைப்பன்று மகளைத் தானே ஓட்டிப்போய் சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் இறக்க வேண்டும். இது பேராசையா, சொல்லுங்கள்? ஆனால் கொழுந்தன் சாமிக்கண்ணு, "நல்ல காரியத்துல நீங்க முன்ன போனா ஊரு பேசும் அண்ணி" என்றுவிட்டான். மாப்பிள்ளை இளவரசுவோ புதுச்சேரியிலிருந்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரே வாடகைக்குப் பிடித்திருந்தான். ரத்தினம்மாள் வேனைக் கழுவி வாசல் ஓரமாக நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கார் வந்தது. அடடா, என்ன பளபளப்பு, என்ன உறுமல்! தெருவே செல்போனைத் தூக்கியது. பெண்ணைக் கூட்டிப்போக வந்த மாப்பிள்ளையின் தங்கை கயல்விழி, கையில் காமாட்சி விளக்கோடு இறங்கினாள். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. காருக்கு ரெண்டே கதவு. டிரைவர் ஒரு சீட்டு, மிச்சம் ஒன்று. பின்னால் இருந்ததை சீட்டு என்று சொன்னால் சீட்டுக்கே கோபம் வரும்.

பெண்ணுக்குப் பக்கத்தில் விளக்கோடு நாத்தனார் உட்கார்ந்து வருவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அதற்காகக் கயல்விழி பின்பக்கம் புகுந்து பார்த்தாள். முழங்கால் மோவாயில் இடித்தது. சத்யப்பிரியா குனிந்து பார்த்தாள். ஜடைப்பூ கூரையில் நசுங்கியது. கல்யாணப் பெண்ணை முன்பின் தெரியாத டிரைவரோடு தனியாக அனுப்ப முடியுமா? காரைப் பிடித்த மகராசன்கள் ஒருத்தருக்கும் ஆளை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

நாலரைக்கு ராகு காலம். வேனை எடுக்க ஆள் கேட்டு சாமிக்கண்ணு ஒவ்வொரு டிரைவருக்கும் போன் போட்டான். முகூர்த்த சீசன், ஒருத்தனும் சிக்கவில்லை. மணி நாலு இருபது.

கயல்விழி வேன் கதவைத் திறந்து விளக்கோடு ஏறி உட்கார்ந்தாள். "அத்த, நீங்க எடுங்க. அண்ணிய இத்தினி வருஷம் கொண்டாந்தது நீங்கதான. இன்னிக்கு மட்டும் வேற யாரு?"

சாமிக்கண்ணு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வழி விட்டான். ரத்தினம்மாள் பட்டுப் புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஐந்து பெண்கள், சீர்த்தட்டு, வாழைத்தார் எல்லாம் உள்ளே அடங்கிற்று. சிவப்புக் கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிற்றை உரசிக்கொண்டு பின்னாலேயே வந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்கப் பார்க்க ரத்தினம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வழி நெடுக ஹாரன் அடித்தாள்.

மண்டப வாசலில் மேளம் முழங்கியது. சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். மகளை இறக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் ரத்தினம்மாள் வேனுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"எங்க ஒளியிறீங்க? பொண்ணு பக்கத்துல வந்து நில்லுங்க" என்றாள் சம்பந்தியம்மா.

தயங்கித் தயங்கி வந்து நின்றாள். சம்பந்தியம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆரத்தி சுற்றினாள். மகள் நெற்றியில் பொட்டு வைத்த அதே விரலைத் திரும்பவும் தட்டில் தொட்டு, ஊரே பார்க்க, ரத்தினம்மாள் நெற்றியிலும் வைத்தாள்.