முந்நூற்றுப் பன்னிரண்டு கொக்கிகள்

குழுத்தலைவரின் மடிக்கணினியை அவர் விரலோடு சேர்த்துக் கொக்கி அக்கா படாரென்று மூடிவிட்டார் என்று அலுவலகத்தின் மூன்றாம் மாடி முழுக்கப் பேச்சு. சொன்னவர் பார்த்தவரில்லை, பார்த்தவரோடு லிஃப்டில் வந்தவர். பேச்சு மாடியேறிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா தன் தேநீர்க் கோப்பையின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கொக்கி வரைந்துகொண்டிருந்தார். குடை, சார்ஜர், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அதே கொக்கிதான். "ஒரே மாதிரி பத்து டப்பா இருக்கிற ஃப்ரிட்ஜ்ல யார நம்புறது?"

எழுதும் கணினி நிரலிலும் அப்படித்தான். பார்சல் கிடங்கில் பெட்டிகளைச் சுமந்தோடும் ஓடுபட்டைகளை இயக்கும் நிரல் அது. ஒரு வேலைக்கு ஒன்றாகத் தான் எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயருக்கும் முன்னால் 'கொக்கி' என்று ஒட்டிவிடுவார்: கொக்கி_ஓட்டு, கொக்கி_திருப்பு, கொக்கி_நிறுத்து. ஊரார் போல அவரும் யாரோ ஆயத்தமாக எழுதிவைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பான லைப்ரரி ஒன்றின் மேல்தான் கட்டுகிறார். அதற்குள்ளும் அதே பெயர் இருந்துவிட்டால், லைப்ரரி தன்னுடையதைக் கூப்பிடுவதாக நினைத்து இவருடையதை ஓட்டிவிடும். ஒரு எச்சரிக்கைகூட வராது.

"கூட்டத்துல நின்னு 'மாமா'ன்னு ஒரு குரல் குடுத்துப் பாருங்க. ஏழு பேர் திரும்புவாங்க. அதுல உங்க மாமா யாரு?"

குழுத்தலைவர் பேனாக்களை உயரவாரியாக அடுக்கி வைப்பவர். நிரலும் அவருக்குப் பளிச்சென்று இருக்கவேண்டும்.

"லைப்ரரி முழுக்கத் தேடிட்டேன். 'நிறுத்து'ன்னு அதுல ஒண்ணுமே இல்ல. கொக்கியெல்லாம் எடுத்துடுங்க, பாக்கவே முள்ளுமுள்ளா இருக்கு."

"இன்னிக்கு இல்ல சார். நாளைக்கு வர்ற மருமகளுக்கும் அதே பேரா இருந்தா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கணும். இல்லன்னா நீங்க இந்தக் குழுவுல இல்ல."

நடந்தது இவ்வளவுதான். அக்கா மூடியது தன் மடிக்கணினியை, அதுவும் மெதுவாக.

குழு இல்லையென்றால் மாதக் கடைசியில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் இந்த நாட்டில் இருக்க விசா இல்லை. தபால்பெட்டியில் அரசாங்க உறை விழும் சத்தத்துக்கே அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறவர் அக்கா. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒத்தச் சொல்லுக்காகக் குடும்பமே பெட்டி கட்டணுமா? எடுத்துட்டுப் போயேன்."

"எடுக்கிறதுன்னா அவரே எடுக்கட்டும். என் கையால எடுக்க மாட்டேன்."

அவரே எடுத்தார். வெள்ளி மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு கொக்கிகளும் உதிர்ந்தன. அக்காவின் மேசை பிரிண்டர் மூலைக்குத் தள்ளப்பட்டது. நிரலைத் திறக்கும் அனுமதியைப் பறிக்க மட்டும் யாருக்கும் நினைவில்லை.

திங்கள் காலை லைப்ரரியின் புதிய பதிப்பு தானாகவே வந்து இறங்கியது. அதில் 'நிறுத்து' என்று புதிதாக ஒன்று: பார்சலின் லேபிளைப் படித்து முடித்ததும் ஸ்கேனர் விளக்கை அணைப்பதற்கு. கிடங்கில் முதல் பார்சல் விளக்கடியில் வந்தது. லைப்ரரி தன் 'நிறுத்து'வைக் கூப்பிட்டது, ஓடியது அக்காவுடையது. பதினான்கு பட்டைகளும் ஒருசேர நின்றன. திரும்ப ஓட்டினார்கள். அடுத்த பார்சலில் திரும்ப நின்றன.

சோதனைப் பிரிவுப் பெண் மூச்சிரைக்க மூலைக்கு ஓடிவந்தாள். "அக்கா, அவரு உங்களத்தான் தேடுறாரு. மூஞ்சியே வெளுத்துப்போச்சு."

"தேடட்டும்டி. லைப்ரரி முழுக்கத் தேடினவராச்சே."

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. திரையில் குழுத்தலைவரின் பெயர். அக்கா நிரலைத் திறந்தார். முதல் பெயரின் முன்னால் போய் 'கொக்கி' என்று அடித்தார். கைபேசி அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது. விழப்போகிற இடத்தில் தன் தேநீர்க் கோப்பையை இழுத்து வைத்து அதை மறித்துவிட்டு, இரண்டாம் பெயருக்குப் போனார்.