காலி அட்டையோடு அலைந்த இரண்டு வருடம்

ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் முதல் முறை புடவை நனைந்தது. நோட்டுக் கட்டை முன்னால் அணைத்துக்கொண்டு வெளியேறினேன். அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு.

திருவண்ணாமலையில் பார்த்த டாக்டர், சர்க்கரை இல்லை, கிருமி இல்லை என்றார். மிகைச் செயல் சிறுநீர்ப்பை (பை நிரம்பும் முன்பே தானாகச் சுருங்குவது) என்ற பெயரை அவர் சொல்லவே இல்லை. "ரெண்டு குழந்த பெத்தாச்சு, இதெல்லாம் சகஜம்மா. தண்ணியக் கம்மி பண்ணுங்க." கம்மி பண்ணினேன். எரிச்சல்தான் ஜாஸ்தியானது. மகராசன்!

செங்கம் சாலையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஜெர்மன்காரம்மா குடியிருந்தார். நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத் தன் மாத்திரை அட்டைகள் இரண்டைக் கொடுத்தார். டாக்டரைக் கேட்காமல் விழுங்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாய் உலர்ந்தது. ஆனால் இரண்டே வாரத்தில், இடையில் ஓடாமல் தொடர்ந்து இரண்டு பீரியடு நடத்த முடிந்தது.

அவர் ஊருக்குப் போய்விட்டார், மாத்திரையும் தீர்ந்தது. எல்லோரையும் போலக் காலி அட்டையை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் பெரிய எழுத்தில் இருந்த பேரை மட்டும் பார்த்தார். "இது ஃபாரின் சரக்குக்கா. இங்க வராது." சென்னையிலும் அதே பதில். பிரவுசிங் சென்டரில் தேடிப் பார்க்கலாம் என்று தோன்றாத காலம். அந்தம்மா தபாலில் அனுப்பிய பொட்டலம் சுங்கத்தில் நின்றது. டாக்டர் சீட்டு கேட்டு ஒரு காகிதம்தான் வந்தது. "தெரியாத மருந்துக்கு நான் எப்படிம்மா எழுதுவேன்?" என்றார் அதே திருவண்ணாமலை டாக்டர். வெள்ளைக்காரிக்கு மட்டும்தான் மூத்திரப்பையா?

பள்ளித் தாளாளர் கூப்பிட்டார். "டீச்சர், பிள்ளைங்க சிரிக்கிறாங்க. நீங்களே எழுதிக் குடுத்துட்டா மரியாதையா இருக்கும்." பதினாறு வருட வேலையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஆத்திரத்தில் வேலூர் பஸ் ஏறினேன். அங்கே சிறுநீரியல் மருத்துவர் (சிறுநீர்ப்பாதை நோய்களைப் பார்ப்பவர்) அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. "இதே மருந்து நம்ம நாட்டுலயே வேற பேர்ல வருதே. யாருமே சொல்லலியா?"

அவர் எழுதிய சீட்டோடு முதலில் போன அதே மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் முதுகுப்பக்கமிருந்த அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"எவ்ளோ நாளா வருது இது?"

"மூணு வருஷமா வருதுக்கா."

"அன்னிக்கு அட்டையக் காட்டினேனே?"

"நீங்க இந்தப் பேரச் சொல்லலியேக்கா."

"கடையத் தொறந்து வச்சிருக்கறது நீங்களா, நானா?" என்று கத்தினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

உங்களுக்கும் இந்தத் தொல்லை என்றால், பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள். நல்லவள் என்று பேர் வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இப்போது மாத்திரை வேலை செய்கிறது. காலையில் முதல் பீரியடு தொடங்கும் நேரத்துக்கு உட்கார்ந்தால் மதியம் வரை எழாமல் இருக்க முடிகிறது. உடம்பு சொன்னபடி கேட்கிறது. இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.